பாவுக்குள் போன சைக்கிள் பாதை

எங்கள் பழைய பொறியாளர் பொய் சொல்கிறார். என்னை, தெருவையே பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டவன் என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொல்கிறார். பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் புரியாத மடையனாக இருந்தேன் என்பது வேறு விஷயம்.

சேலம் நகரம் முழுக்கச் சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் போட ஒரு திட்டம். அதை வரைந்து கொடுக்கும் தனியார் அலுவலகத்தில், அந்தப் பொறியாளருக்குக் கீழே, எனக்குத் தற்காலிக வேலை. ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அம்மாபேட்டை வரை ஒரே ஒரு பாதையில் முதலில் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். அதிகாரிகளுக்குப் பிடித்தால் மற்ற பாதைகளும் வரும், என் வேலையும் நிரந்தரமாகும். (பெண் பார்த்த வீட்டில் நிரந்தரம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.)

அம்மாபேட்டைப் பக்கம் ஓரத்தில் வண்டி நிற்காத தெருவைத் தேடி அலைந்தேன். நெசவாளர்கள் குடியிருக்கும் ஒரு தெரு கிடைத்தது. நீளமாக, நேராக, துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மொபெட் கூட நிற்கவில்லை. இவ்வளவு ஒழுக்கமான ஜனங்களா என்று நெகிழ்ந்துபோய், வரைபடத்தில் 'மாதிரித் தெரு' என்று எழுதினேன். ஏன் யாரும் வண்டி நிறுத்துவதில்லை என்று ஒருவரையும் கேட்கவில்லை. அலுவலக ஜீப்பை எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பொறியாளர் விடுவார். நான்கு முறையும் மூன்று மணி வெயிலில்தான் போனேன்.

வெள்ளோட்டம் காலை ஆறரைக்கு. பத்து சைக்கிள்கள். முன்னால் நான், பின்னால் பொறியாளர், அவருக்குப் பின்னால் அதிகாரிகள். தெருமுனை திரும்பினேன். தெரு முழுக்க நூல்.

இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இடுப்பு உயரத்தில் பாவு நூலை நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். தறியில் ஏற்றும் முன் நூலுக்கு விறைப்பு கொடுக்கிற வேலை. விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை.

நான் பிரேக் பிடித்தேன். பொறியாளர் பிடிக்கவில்லை. என் சைக்கிள் பாவுக்குள் போனது, நான் கஞ்சிக் குண்டாவுக்குள் போனேன்.

"அய்யோ, பாவு போச்சே!" என்று பிரஷோடு ஓடி வந்தார் ஓர் அம்மா.

மூத்த அதிகாரி நிதானமாக இறங்கினார். "ஏந்தம்பி, இதுதான் பாதைங்களா?"

"மாதிரித் தெருங்க சார்" என்றேன். (வாயில் கஞ்சி.)

"மாதிரியா?" என்றார் அந்த அம்மா. "ஏஞ்சாமி, அறுந்த இழையெல்லாம் யாரு முடியறது? உங்கொப்பனா?"

பொறியாளர் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேனுங்க சார், காலைல ஒருக்கா போய்ப் பாருடான்னு."

"எப்பங்க சொன்னீங்க?"

"மொதல்ல மூஞ்சியத் தொடைடா."

அதிகாரிகள் திரும்பிப் போனார்கள். பொறியாளரும் போனார். அந்த அம்மா என்னை மட்டும் விடவில்லை. "உக்காரு. முடி." இழை இழையாக முடிந்தேன். நான் போட்ட முடிச்சில் பாதியை அவர் அவிழ்த்து மறுபடி போட்டார்.

வேலை போனது. மற்ற பாதைகளையும் பொறியாளர் அதோடு மூட்டை கட்டி வைத்துவிட்டார். கல்யாணம் எப்படியோ நடந்தது. இன்றைக்கும் நான் எந்த ஊருக்கு வழி சொன்னாலும் என் மனைவி, "காலைல பாத்தீங்களா, மூணு மணிக்குப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். மைத்துனர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செய்தது நான்தான்.

ஆனால் கெட்டது ஒரே ஒரு தெருதான். வரைபடத்தில் இருந்த மற்ற பாதைகளையெல்லாம், வேலை போன பிறகு, என் சொந்த சைக்கிளில் காலையிலேயே போய்ப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை. அந்தச் சாலைகளில் மில்லுக்குப் போகிற பெண்கள் இன்னமும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நெளிந்துதான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஐயா பொறியாளரே, அடுத்த கூட்டத்தில் என் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வையுங்கள். சிரித்து முடித்ததும் மைக்கைக் கீழே வைக்காமல் அவர்கள் முன்னாலேயே பதில் சொல்லுங்கள்: மற்ற பாதைகளை ஏன் கைவிட்டீர்கள்?