டாக்டர் தவளை எழுதிய நோய் அகராதி

ஒரு காட்டில் ஆஸ்பத்திரி திறந்தார்கள். டோக்கன் வந்தது, வரிசை வந்தது. எது உறுப்பு, எது நோய் என்று சொல்ல ஒரு புத்தகம்தான் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் குளத்துத் தவளை மண்டூகநாதன் ஒருவரே. அவரையே டாக்டராக்கி, அகராதியும் எழுதச் சொன்னார்கள். ஆள் நேர்மையானவர். கண்ணால் காணாததை எழுதமாட்டேன் என்று தன் உடம்பை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதி முடித்தார்.

சித்திரை மாதத்தில் மந்தி பூவாயி தன் புருஷன் சடையனை அங்கே இழுத்துவந்தாள். வாலில் கருவேல முள் ஏறி, சுரைக்காயாக வீங்கியிருந்தது. அவளே பிடுங்கியிருப்பாள். "படிச்சவங்க இருக்கறப்ப நீ எதுக்குடி கை வைக்கறே?" என்று சடையன்தான் தடுத்துவிட்டான்.

"என்ன தொந்தரவு?" என்றார் டாக்டர்.

"வாலுங்க ஐயா."

"எத்தனை நாளா இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்து இருக்குதுங்க."

"இவ்வளவு முத்தவிட்டா கூட்டிட்டு வர்றது?" டாக்டர் அகராதியைப் புரட்டினார். "வால்: குழந்தைப் பருவ நோய். கால் முளைத்ததும் தானாக மறையும். எனக்கும் இருந்ததும்மா, போயிடுச்சு. இவருக்கு உடம்பெல்லாம் பாசி வேற பிடிச்சிருக்கு."

"அது முடிங்க. முள்ளை மட்டும் எடுத்துவிடுங்க ஐயா, போதும்."

"மறையப்போற வாலுக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

மூன்றாம் நாள் சடையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. பூவாயி மறுபடி ஓடினாள். 'காய்ச்சல்: பாறைமேல் அதிக நேரம் உட்காருவதால் வருவது. குளத்தில் குதித்தால் தீரும்' என்றது அகராதி. குதிக்க வைத்தார்கள். மறுநாள் விடிந்தபோது சடையனிடம் அசைவில்லை, மூச்சும் இல்லை.

பூவாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரே நேரில் வந்து பார்த்தார். மனசு இளகியவர்.

"இதுக்கா அழுவறே? 'சாவு: கோடை நோய். மண்ணுக்குள் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் மழைக்குத் தெளியும்.' எனக்கே வருஷாவருஷம் வருதும்மா. மழை விழுந்ததும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லு."

பூவாயிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. சொன்னபடி புதைத்துவிட்டு, தினமும் வானத்தைப் பார்த்தாள். ஆடி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அவரு எந்திரிக்கவே இல்லைங்க ஐயா."

டாக்டர் நோட்டைத் திறந்தார். "மறுபரிசோதனைக்கு வந்தாரா?"

"வரலைங்க."

"உடம்பு சரியில்லைன்னா வந்திருப்பாரே." சடையன் பேருக்கு நேரே 'பூரண குணம்' என்று எழுதி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நீதி: கைராசியான டாக்டரிடம் ஒருமுறை போனவர், மறுபடி போக வேண்டியதே இல்லை.