கரடி ஜீப்பின் மஞ்சள் விளக்கு

ஒரு காட்டில் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. மழை இல்லை. மூடுபனி இல்லை. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. எதிரே வந்த ஜீப்பில் பனிவிளக்கு எரிந்தது. கோளாறு அவ்வளவுதான்.

பஸ்ஸை ஓட்டியது தேவாங்கு. பெயர் முத்திருளன். முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணை நம்பித்தான் இருபத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் காடு அதனிடம் ஒப்படைத்திருந்தது. வெளிச்சம் மங்க மங்க அதற்குப் பாதை நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணுக்கு நேரே மஞ்சள் விளக்கை அடித்தால் எந்தக் கண்ணுக்குத்தான் என்ன தெரியும்?

ஜீப் கரடியுடையது. பெயர் மாசாணம். கரடிக்கு ஜீப் எதற்கு என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜீப்பின் முன்னால், பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்கு. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. எல்லாம் மூடுபனிக்கு உள்ளவை. மாசாணம் அவற்றை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் எரியவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டது. வெளியே விளக்கு எரிந்தது. ஜீப்புக்குப் பின்னால் போன காட்டெருமை, அது பிரேக் சிவப்பா பனிச் சிவப்பா என்று தெரியாமல் நின்று நின்று போய், ஒரு நாள் வழியிலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

முத்திருளன் தேயிலைச் செடிக்குள்ளிருந்து வெளியே வந்து கத்தியது.

"ஏன் அண்ணாச்சி, பனியே இல்லாம எதுக்கு அந்த விளக்கு?"

"மாட்டியாச்சுல்லா? எரியட்டும்வே."

"எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியல."

"எனக்குத் தெரியுதே!"

பஸ்ஸின் கண்டக்டர் ஒரு கருமந்தி. செவந்தி என்று பெயர். காதில் சிக்கிய தேயிலைக் கொழுந்தைப் பிடுங்கிக்கொண்டே சொன்னது: "அண்ணே, அவர்கிட்ட பேசாதீங்க. தேன் தின்னு தின்னு காது அடைச்சிருக்கு. ஆபீசுக்குப் போவோம்."

போனார்கள்.

சாலை ஆபீசில் அதிகாரி முள்ளம்பன்றி. எழுத வேண்டுமென்றால் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதும். அதனால் எழுதும்போதெல்லாம் கோபமாகவே இருக்கும். முத்திருளன் சொன்னதை முழுதும் கேட்டது. பிறகு முத்திருளனின் லைசென்சில் ஒரு சிவப்புக் குறி போட்டது.

"எனக்கா?"

"தேயிலைக்குள்ள இறங்கினது யாரு? நீதானே. மூணு குறி விழுந்தா பஸ்ஸை விட்டு இறங்கிடணும். டிப்போவுல டயருக்குக் காத்தடிக்கிற வேலை."

முத்திருளனுக்குப் பஸ்ஸைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. பஸ்ஸும் வேறு யாருக்கும் அடங்காது.

வரிசையில் அடுத்து நின்றது ஒரு எலி. பெயர் குறுணி. இரண்டு காலில் எழும்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "சார், நான் ரோட்டைத் தாண்டுறப்ப அந்த ஜீப் வெளிச்சத்துல அப்படியே நின்னுடுறேன். நேத்து வால்மேல டயர் ஏறிடுச்சு. புகார் எழுதணும்."

"வண்டி நம்பர்?"

"எனக்கு வண்டி இல்ல. நடந்து போறேன்."

"நடந்து போறவங்களுக்குப் படிவம் கிடையாது. அடுத்து!"

குறுணி தன் நசுங்கிய வாலைப் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது. இறங்கிப் போனது.

ஆனாலும் அதிகாரி சும்மா இருக்கவில்லை. மறுநாளே உத்தரவு ஒட்டினார்கள். "மூடுபனியில் மட்டுமே பனிவிளக்கு போடலாம். மூடுபனிதான் என்பதற்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்."

நல்ல உத்தரவு. முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு இருவாச்சிப் பறவைக்கு. காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சியில் அதற்கு அலுவலகம். மூடுபனி வந்தால் முதலில் மூழ்குவது அந்த உச்சிதான். அப்போது இருவாச்சிக்குத் தன் மூக்கே தெரியாது. அதற்கு மூக்கு எவ்வளவு பெரியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கே கையெழுத்துப் போட? பனி விலகி, வெயில் வந்து, காகிதம் காய்ந்த பிறகு எழுதிக் கொடுக்கும்: "இன்று காலை மூடுபனி இருந்தது உண்மை. இச்சான்று ஏழு நாள் செல்லும்."

ஆக, பனி இருக்கும்போது யாரிடமும் சான்றிதழ் இல்லை. பனி போனதும் எல்லோரிடமும் இருந்தது. கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு விளக்கைப் போடாமல் இருக்க முடியுமா? ஜீப் இல்லாத மான்கூட சைக்கிளில் இரண்டு மஞ்சள் விளக்கு மாட்டிக்கொண்டது. பளீரென்ற வெயிலில் மலைப்பாதை முழுவதும் திருவிழா மாதிரி இருந்தது.

பழைய சான்றிதழெல்லாம் காலாவதியான பிறகு, ஒரு காலையில் நிஜமாகவே மூடுபனி இறங்கியது. முத்திருளன் செய்ய வேண்டியதைச் செய்தது. ஹை பீமை அணைத்தது. ஹை பீம் போட்டால் பனியில் பட்டு வெள்ளைச் சுவர் மாதிரி முகத்திலேயே திரும்பி அடிக்கும். டிம் போட்டது. கூடவே பனிவிளக்கையும் போட்டது. இரண்டாவது கியரில் உருட்டியது. ஒரு பயணிக்கும் கீறல் இல்லை.

டிப்போவில் முள்ளம்பன்றி நின்றது.

"சான்றிதழ்?"

"சார், வெளிய பாருங்க. என் பஸ்ஸே உங்களுக்குத் தெரியல!"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். காகிதம் எங்கே?"

இரண்டாவது சிவப்புக் குறி விழுந்தது.

"இனிமே எந்தப் பனியிலும் அந்தச் சுவிட்ச் பக்கம் கை போகாது," என்றது முத்திருளன். செவந்தி டிக்கெட் பையைத் தூக்கித் தரையில் அடித்தது. வேறு என்ன செய்ய?

அதிலிருந்து எட்டாம் நாள் மறுபடி மூடுபனி. பஸ் நிறைய கூட்டம். முன் சீட்டில் முள்ளம்பன்றி. யாராவது விளக்குப் போடுகிறார்களா என்று பிடிக்க வந்திருந்தது. அதன் பக்கத்து சீட் மட்டும் காலி. காரணம் சொல்லத் தேவையில்லை.

பதினான்காவது வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கண்ணாடிக்கு வெளியே பால்.

"அண்ணே, பனிவிளக்கைப் போடுங்க," என்றது செவந்தி.

"போட்டா மூணாவது குறி."

"போடலைன்னா மொத்தமாப் போயிடுவோம்."

முன் சீட்டில் முள் ஒன்று தயாராக நிமிர்ந்தது. முத்திருளனின் கை சுவிட்ச் வரை போனது. திரும்பியது. மறுபடி போனது.

அதே நேரம் மாசாணத்தின் ஜீப் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஏழு நாள் சான்றிதழ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. அதனால் பனிவிளக்கை அணைத்துவிட்டு ஹை பீமில், வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, வளைவின் தவறான பக்கத்தில் வந்தது.

திடீரென்று பனிக்குள், தரையோடு தரையாக, இரண்டு மஞ்சள் வட்டம்.

முத்திருளன் பிரேக்கை மிதித்தது. பஸ் நின்றது. ஜீப்பும் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு முயல் போகலாம். ஒல்லி முயலாக இருந்தால்.

முள்ளம்பன்றி முதலில் இறங்கியது. "பனிவிளக்கு! சான்றிதழ் எங்கே?"

"நான் போடலவே!" என்று மாசாணம் அலறியது. "சுவிட்சைப் பாரும்! அமத்தித்தான கெடக்கு!"

பார்த்தார்கள். சுவிட்ச் அணைந்திருந்தது. விளக்கு எரிந்தது. முள்ளம்பன்றி படிவத்தை விரித்தது. முதல் கட்டம்: "விளக்கைப் போட்டவர் பெயர்." முள்ளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றது. அது நிற்கும்போதே பனி விலகி வெயில் விழுந்தது. விளக்கு தானாக அணைந்தது.

ஜீப்பின் பானெட்டுக்குள்ளிருந்து குறுணி தலையை நீட்டியது. வாயில் கொஞ்சம் சிவப்பு வயர்.

"நீயா?"

"படிவம் இல்லைன்னீங்க. பல்லு இருந்துச்சு. நேத்து ராத்திரி சுவிட்ச் வயரைக் கடிச்சேன். காஞ்சு கிடந்தா ஒட்டாது, எரியாது. ஈரம் பட்டா பக்கத்து வயரோட ஒட்டிக்கும், சுவிட்ச் இல்லாமலே எரியும். இப்படி எரியும்னு கடிக்கிறப்ப எனக்கே தெரியாது சார். அணைக்கத்தான் கடிச்சேன்."

முதலில் செவந்தி சிரித்தது. அதைப் பார்த்துப் பஸ் முழுவதும் சிரித்தது. மாசாணம்கூடச் சிரித்தது, தன் ஜீப் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"இந்த எலிக்கு ஒரு குறியும் போட முடியாதாவே?" என்று கேட்டது.

"நடந்து வர்றவங்களுக்குப் படிவம் இல்ல," என்றது முள்ளம்பன்றி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. முத்திருளனின் இரண்டாவது குறியை மட்டும் அங்கேயே அடித்து நீக்கிவிட்டது. உயிர் பிழைத்த அதிகாரி அவ்வளவாவது செய்ய வேண்டும்.

மறுநாள் காட்டிலுள்ள வண்டி எல்லாம் டிப்போ வாசலில் வரிசையாக நின்றது, பானெட்டைத் திறந்துகொண்டு. முதலில் நின்றது ஐந்தரை மணி பஸ். குறுணி ஒவ்வொன்றாக ஏறிக் கடித்துக்கொண்டே போனது. அதன் பிறகு பனி வந்தால் விளக்கு எரிந்தது. பனி போனால் அணைந்தது. முத்திருளன் இன்றைக்கும் அந்தப் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறது. இருவாச்சி இன்றைக்கும் சான்றிதழ் எழுதுகிறது, யாரும் வாங்குவதில்லை.

நீதி: பனிவிளக்கை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதைச் சட்டம் போட்டுச் சொல்லலாம், சான்றிதழ் கொடுத்துச் சொல்லலாம், கத்தியும் சொல்லலாம், ஆனால் கடைசியில் வந்து சரிசெய்தது, வண்டியே இல்லாத எலி குறுணி.