நான் பாடியதும் காலியான ஹால்

டிவித் தொடரில் ஒரு பெண் அழுதால் நாமும் அழலாம், தப்பில்லை. அவள் செய்ததைக் கம்பெனியில் செய்து பார்க்கத்தான் கூடாது. இதை நான் மேடையில் நின்றபடி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ வரை படித்தவள். (யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.) கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் முத்துலட்சுமி, திருநெல்வேலிப் பக்கம். ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் போனில் ஒரு தொடர் பார்ப்போம். ஏதோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துக் கதை, தமிழில் பேசும். பரீட்சையில் தோற்றாலும் பாட்டு, கேன்டீனில் சாப்பாடு தீர்ந்தாலும் பாட்டு.

ஒருநாள் அந்த எபிசோடு வந்தது. கதாநாயகியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கூச்சப்பட்டுக்கொண்டு மகளின் பள்ளிக்குள் வரவே மாட்டார். ஆண்டு விழாவுக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் ஒடுங்கி உட்காருகிறார். மகள் பாடும்போது விளக்கு அணைகிறது, இசையும் நின்றுவிடுகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருக்கிறாள். கண்ணைத் திறந்தால் அரங்கம் முழுக்க செல்போன் வெளிச்சம்; நடுவில் அப்பா எழுந்து நிற்கிறார்.

பஸ் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பைத் தாண்டும்போது ஆரம்பித்த அழுகை கம்பெனி கேட் வரை நிற்கவில்லை. பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, யாராவது பூட்டாங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

அழுததற்குக் காரணம் இருந்தது. என் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தினமும் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டவர், ஒருநாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. "நான் உள்ள வந்து இன்னா பேசறது? இங்கியே கீறேன், நீ போ" என்பார். நான் மேடையேறிப் பரிசு வாங்கிய அன்றும் அவர் வெளியே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் ஆள் ஏற்றி இறக்கியிருக்கிறார், எதற்குள்ளும் போனதில்லை.

அப்போதுதான் கம்பெனியில் குடும்ப விழா அறிவித்தார்கள். நான் பாடப் பெயர் கொடுத்தேன். அப்பாவை உள்ளே வரவைக்க ஒரு வாரம் கெஞ்சினேன். "எங்கியாவது ஓரமா ஒக்காந்துக்கறேன்" என்று கடைசியில் இறங்கி வந்தார். ஒரு தடவையாவது நான் மேடையில் நிற்பதை அவர் பார்க்க வேண்டும். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அந்த எபிசோடே வேண்டியிருந்தது.

"பாதிப் பாட்டுல மெயின் சுவிட்ச அமத்திடு. எல்லாரும் போன் லைட்ட அடிப்பாங்க" என்றேன் முத்துலட்சுமியிடம்.

"அடிப்பாவளாட்டி?"

"எபிசோடுல அடிச்சாங்க இல்ல?"

இதற்கு மேல் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது தினமும் போனைக் கொடுத்துவிட்டுப் போகும் எங்கள் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை. இன்னொன்றும் வரவில்லை. முந்தின வாரம்தான் பாதுகாப்பு வாரம் நடந்திருந்தது. கரண்ட் போய் சைரன் கேட்டால் ஓடாதே, கத்தாதே, வரிசையாக மைதானத்துக்குப் போ என்று எல்லோருக்கும் ஒத்திகை நடத்தியிருந்தார்கள்.

ஜன்னல் இல்லாத ஒரு கிடங்கைக் காலி செய்து ஹாலாக்கியிருந்தார்கள். அம்மா முன் வரிசை, அப்பா புதுச் சட்டையில் கடைசி வரிசை. பாடினேன். சொன்னபடி விளக்கு அணைந்தது, இசை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, பாடிப் பழகியபோது எட்டாத அந்த உச்சத்தை எட்டிப் பிடித்தேன். (பிடித்ததாக நினைத்தேன். அது சைரன் மாதிரி இருந்தது என்று மேனேஜர் முதல் தோட்டக்காரர் வரை ஒரே குரலில் பிறகு சொன்னார்கள்.) நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

கண்ணைத் திறந்தேன். கும்மிருட்டு. வாசலுக்கு மேலே 'வெளியேறும் வழி' என்ற பேட்டரிப் பலகை மட்டும் பச்சையாக எரிந்தது. அதன் கீழே கடைசி ஆளும் ஒழுங்காக வரிசையில் வெளியேறிக்கொண்டிருந்தார். என்னைப் பெற்ற அம்மாவும் போய்விட்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துப் பத்திரமாக அழைத்துப்போனது முத்துலட்சுமி. ("லைட்ட அணைச்சதே நீதானடி, நீ ஏன் போன?" என்று பிறகு கேட்டேன். "எல்லாரும் போறாவ, நான் மட்டும் எப்டிட்டி நிக்க?" என்றாள்.)

பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?" இருட்டுக்குள்ளிருந்து அப்பா குரல்.

"நீ போகலியாப்பா?"

"சவாரிங்க எறங்கிட்டா டிரைவரும் எறங்கிடுவானா? நீ பாடு."

அதற்குள் தலையில் ஹெல்மெட், கையில் டார்ச் லைட்டோடு பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்தார். "கணக்குல ரெண்டு பேரு கொறையுது! வெளிய வாங்க, வெளிய வாங்க!"

"இரு சார்," என்றார் அப்பா, "பாப்பா பாடிக்கினு கீது, முடிச்சிட்டு வரோம். அந்த லைட்ட கொஞ்சம் அது மூஞ்சிக்கா புடி."

பள்ளிக்கூட வாட்ச்மேனிடம்கூட நிமிர்ந்து பேசாத மனுஷன். அதிகாரி என்ன நினைத்தாரோ, பிடித்தார். மீதிப் பாட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடி முடித்தேன். அப்பா எழுந்து நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். அதிகாரியால் தட்ட முடியவில்லை, டார்ச் இருந்தது.

மைதானத்துக்குப் போனால், இதுவரை நடந்ததிலேயே சிறந்த வெளியேற்றம் இதுதான் என்று மேனேஜர் மைக் இல்லாமல் பாராட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கில் எனக்கும் முத்துலட்சுமிக்கும் வேலை பிழைத்தது. திட்டு மட்டும் தனியாகக் கிடைத்தது.

அப்பாவின் ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கதை இலவசம். "என் பொண்ணு வாயத் தொறந்தா ஒரு கம்பெனியே காலியாயிடும்" என்று ஆரம்பிப்பார், ஏதோ நான் தங்கப் பதக்கம் வாங்கிய மாதிரி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பாடத் தெரியுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "நல்லா பாடும். மொதல்ல எல்லாரும் செருப்ப வாசப்பக்கமா திருப்பிப் போட்டுக்கினு வந்து ஒக்காருங்க."

விளக்கம் கேட்டுச் சிரித்ததில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால், மெழுகுவர்த்தி தேடுவதற்கு முன்னால் என் மாமியார், "ஏம்மா, நாங்க உக்காரலாமா, எழுந்து வெளிய போயிடலாமா?" என்று கேட்டுவிடுகிறார்.