எட்டாவது மாடியில் விசிறிவால்

சேவல் நான்காவது முறை கூவியபோது உத்தமன் குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைத் திணித்துக்கொண்டிருந்தான்.

பெங்களூரு வைட்ஃபீல்டில் எட்டாவது மாடி. நாய் வளர்க்கலாம், பூனை வளர்க்கலாம், கோழி கூடாது என்று லிஃப்டில் ஒட்டியிருந்தது. கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோவிந்தப்பாவின் கையெழுத்து.

"பால்கனியில இருந்தப்பவே தேவலாம். இப்போ மைக் வச்ச மாதிரி கேக்குது," என்றாள் அவன் மனைவி உஷா.

"பால்கனி காத்துல வால் உடையுதும்மா."

கிளிமூக்கு விசிறிவால் ரகச் சேவல். வளைந்த அலகு, வெள்ளைக் கண், இரண்டரை அடி வால். திண்டுக்கல்லிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பன்னிரண்டு முட்டையில் தேறியது இது ஒன்று. அந்த வம்சத்தில் மிச்சமும் இது ஒன்றுதான். இதற்கு ஈடான பெட்டை கிடைக்கும்வரை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

"உங்க தங்கச்சிக்கு இவ்வளவு அலைஞ்சிருந்தா இந்நேரம் கல்யாணமே முடிஞ்சிருக்கும்."

"அவளுக்கு யாரும் வாலை அளக்க மாட்டாங்களே."

எதிர்வீட்டு வித்யாலட்சுமி விசாரித்தபோது, போன் அலாரம் என்றான். அதை நிரூபிக்க, சேவல் கூவலையே ரிங்டோனாக வைத்தான். மேனேஜர் அழைத்தார். போன் கூவியது. குளியலறை பதில் கூவியது. போன் ஓயவில்லை. குளியலறையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வித்யாலட்சுமி மறுபடி வந்தாள். "ரெண்டு போனா?"

"இல்லைங்க. உஷா மிமிக்ரி பழகுறா."

"அட! சொல்லவே இல்லையே!"

அன்று மாலையே குடியிருப்பின் கன்னட ராஜ்யோத்சவ விழாப் பட்டியலில் உஷாவின் பெயர் ஏறியது. பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் நடுவில்.

"மேடையில ஏறி நான் கூவணுமா?"

"நவம்பர்தானே. இன்னும் மூணு வாரம் இருக்கு."

மறுநாள் கோவிந்தப்பா நேரில் வந்தார். கையில் பட்டியல்.

"மேடம், சொல்ப, கொஞ்சம் கூவிக் காட்டுங்க. எத்தனை நிமிஷம் ஒதுக்கணும்னு பார்க்கணும்."

உஷா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் பின்னால் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூவினாள்.

நன்றாகவே கூவினாள். குளியலறை, அதிசயமாக, வாயைத் திறக்கவில்லை.

"பிரமாதம்," என்றார் கோவிந்தப்பா. "காலையில கேக்கிறது நீங்கதானா? யாரோ பிராய்லர் வச்சிருக்காங்கன்னு நினைச்சுட்டேன்."

பிழைத்தோம் என்று உஷா மூச்சுவிட்டாள். உத்தமனின் காது சிவந்தது.

"பிராய்லரா?"

"ஏங்க, சும்மா இருங்க," என்று உஷா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஆமா சார். நாப்பது நாள்ல வெட்டுவாங்களே, அந்தக் குரல்தானே."

உத்தமன் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டான்.

"அலகைப் பாருங்க சார். கண்ணைப் பாருங்க. இது பிராய்லரா?"

சேவல் வெளியே வந்து வாலை விரித்தது. வீடு தன்னுடையது என்பதுபோல் கூடத்தைச் சுற்றி நடந்தது. உஷா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

கோவிந்தப்பா மண்டியிட்டார். அலகைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டேப் எடுத்து வாலை அளந்தார். குறித்துக்கொண்டார்.

நோட்டீஸுக்குத்தான் குறிக்கிறார் என்று உத்தமனுக்குத் தோன்றியது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றான்.

"என்ன வேணா எழுதுங்க சார். பிராய்லர்னு மட்டும் எழுதிடாதீங்க."

கோவிந்தப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"பிராய்லர்னு முப்பது வீட்ல சொல்லிப் பார்த்துட்டேன், ஒருத்தருக்கும் ரோஷம் வரல, எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல ஒரு வருஷமா இதே மூக்கோட ஒரு பெட்டை காத்துக்கிட்டு இருக்கு சார்."