கால்சியத் திருட்டு

ஏட்டு சாமிக்கண்ணுவின் பெல்ட் கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை.

"சுதந்திர தினத்துக்கு பீச்ல பரேடு. அதுக்குள்ள எட்டு கிலோ கொறைங்க. இல்லன்னா ஏனாமுக்கு மாத்தி எழுதிடுவேன்" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

ஏனாமில் தெலுங்கு பேசுவார்கள். திட்டத் தெரியாத பாஷையில் போலீஸ்காரன் எப்படிப் பிழைப்பு நடத்துவது?

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பாலாடைய எடுத்துட்டுப் பால் குடிங்க. கால்சியமும் கெடைக்கும், பசியும் அடங்கும். எண்ணெயக் கொறைங்க, சாப்பாட்டக் கொறைங்க, நடங்க."

சாப்பாடும் நடையும் ஏட்டு காதுக்குள் போகவில்லை. மூலக்குளம் வீட்டில் அன்றே சட்டம் போட்டார்.

"அஞ்சலாட்சி, தெனம் ரெண்டு லிட்டர் பாலு. ஆடை துளி இருக்கக் கூடாது. தோசைல எண்ணெய் பட்டுச்சின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"சரிங்க. தோசை எத்தினி?"

"அதப்பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லல."

எண்ணெய் இல்லாமலே ஏழு தோசை இறங்கியது.

பத்து நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் காசு போட்டார். இரண்டு கிலோ ஏறியிருந்தது. வந்து விழுந்த அட்டையில், 'இது உங்களுக்கு வளர்ச்சிக் காலம்' என்று சோதிடம் வேறு.

கால்சியம் பத்தவில்லை என்று முடிவு கட்டினார். இரண்டு லிட்டர் பால் நாலு லிட்டரானது. அடுத்த வாரம் பேன்ட் பின்பக்கம் தையல் விட்டது.

"ஏனாமுக்கு நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க சொன்னதத்தான நானும் செய்றேன்."

அது உண்மைதான். அவள் பேச்சைத் தட்டாதவள். அப்படியானால் குற்றவாளி வெளியாள். ஏட்டு மூளை சுறுசுறுப்பானது. மறுநாள் விடியற்காலை, முழு யூனிபார்மில், சிவப்புத் தொப்பி சகிதம் வாசலில் நின்று பால்கார முருகையனின் சைக்கிளைப் பிடித்தார்.

"பால்ல தண்ணி கலந்து என் கால்சியத்தத் திருடறியாடா? பரேடுக்கு நாலு நாள்தான் இருக்கு. உள்ள தள்ளிடுவேன், ஜாக்கிரதை."

முருகையன் அசரவில்லை. சைக்கிளுக்கு நிதானமாக ஸ்டாண்டு போட்டான்.

"ஏட்டையா, தண்ணி கலந்த பாலா இருந்தா, அக்கா எடுக்கற ஆடைல வாரம் முக்கா கிலோ நெய் எறங்குமா? நீங்க எண்ணெய் ஆவாதுன்ன நாள்லேர்ந்து ஒங்க தோசைக்கு அதத்தான ஊத்தறாங்க."