மெஷினுக்கு எண்ணெய் போட்ட வெள்ளிக்கிழமை

ஆள் வருகிறது என்றால் எதையாவது துடைக்காமல் என்னால் இருக்க முடியாது. ஒரு ரொக் பாட்டையே அப்படித் துடைத்துவிடப் பார்த்தேன்.

கண்டி டவுனில் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறேன். கடைக்கு மேல்மாடியில் நான்கு பையன்கள் கிட்டார், டிரம்ஸ் பழகினார்கள். ஒரு நாள் அவர்களில் ரமேஷ் என்பவன் இறங்கி வந்தான். மெஷின் சத்தத்துக்கு ஏசத்தான் வருகிறான் என்று நினைத்து மெஷினை நிறுத்திவிட்டேன். (பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.)

"அக்கா, அந்தக் கடகடா சத்தம் எங்களுக்கு வேணும். அல்பத்துல ஒரு பாட்டுக்கு அதுதான் தாளம். சனிக்கிழமை ரெக்கோர்ட் பண்ண கொழும்புல இருந்து ஆள் வருது. அன்னைக்கு விட்டா கிடைக்க மாட்டாரு."

ஆள் வருது! வெள்ளிக்கிழமையே மெஷின் திருத்துகிற பாஸைக் கூப்பிட்டேன். கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, புது பெல்ட்டும் மாட்டினார். (நான் அதற்குப் பொட்டும் வைத்தேன்.)

சனிக்கிழமை மைக் வைத்தார்கள். அழுத்தினேன். மெஷின் பூனை மாதிரி நடந்தது.

"சத்தம் எங்கக்கா?"

"சர்வீஸ் பண்ணிட்டேன், தம்பி."

ரமேஷ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஸை மறுபடி கூப்பிட்டோம். "பழுது பார்க்கத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பழுதாக்கச் சொல்லி நீங்கதாம்மா கூப்பிட்டிருக்கீங்க" என்று முணுமுணுத்தபடி நாலு ஸ்குரூவைத் தளர்த்தினார். கீச்சென்ற சத்தம்தான் வந்தது. கொழும்பு ஆள் மணியைப் பார்த்தார். பையன்களின் மூன்று மாதப் பாடு என்னால் போகிறதே என்று ஓங்கி மிதித்தேன். ஊசி படாரென்று உடைந்தது.

"அடப் பாவி மெஷினே! வருஷக்கணக்கா கத்துன, இன்னைக்கா வாய மூடுன?"

நான் கத்தியதில் கடை அதிர்ந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

அல்பம் வெளியிட்ட அன்று மண்டபத்தில் கிட்டார் எல்லாம் தகரத்தில் கல் விழுகிற மாதிரி இரைந்து, சட்டென்று நின்றது. என் குரல்! அந்தத் திட்டின் தாளத்தையே டிரம்ஸ் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதே திட்டு இரண்டாம் தடவை வந்தபோது கைதட்டினார்கள். மூன்றாம் தடவை மண்டபமே என்னோடு சேர்ந்து மெஷினைத் திட்டியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அதற்குக்கூட நான் வெட்கப்படவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

"இந்தக் குரல இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார் என் கணவர், கொஞ்சம் பயத்தோடு.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பேசாமல் இருந்தால், "என்ன, எண்ணெய் போட்டுட்டாங்களா?" என்று மகள் கேட்பாள். என்னைக் கேட்க மட்டும் அவளுக்கு இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை.