கொசு அண்ணனின் டிபன் பாக்ஸ் மைக்ராஸ்கோப்

கொசு அண்ணனிடம் ரத்தம் கொடுக்காத விரல் திருவொற்றியூரிலேயே கிடையாது. கல்யாண வீட்டில் கைகுலுக்கப் போனாலும் ஊசியை எடுத்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

டோல்கேட் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் அவருக்கு வேலை. மலேரியா ரிசல்ட் அங்கே மறுநாள்தான் வரும். அதற்குள் காய்ச்சல்காரன் படகேறி நடுக்கடலில் நடுங்கிக்கொண்டிருப்பான். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. காயலான் கடை லென்ஸ், ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப், அடியில் டார்ச் பல்பு, மேலே செல்போன் என்று ஒரு மைக்ராஸ்கோப் செய்து டிபன் பாக்ஸுக்குள் அடக்கிவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பார். ஒரு வாய் டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார்.

முதல் நாளே தெருவில் பாதிப் பேருக்கு மலேரியா என்று அறிவித்தார். அதில் அவர் மாமியாரும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு தனிக் களை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேரையும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நடந்தது இதுதான்: ரத்தம் தடவிய கண்ணாடிகளை மனிதர் மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறார். எங்கள் ஊர் மாடிகளில் வடாம் காய்ந்தாலும் வேட்டி காய்ந்தாலும் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் வந்து உட்காரும். அண்ணன் மலேரியாப் பூச்சி என்று எண்ணியதெல்லாம் அந்தச் சாம்பல் பொடி. அதன்பிறகு அவர் தலை தெரிந்தாலே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி ரவிக்குக் காய்ச்சல். விட்டுவிட்டு வந்தது, வந்தால் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படியும் கேட்காமல் காசிமேட்டில் படகேறிவிட்டான். நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கொசு அண்ணன் டிபன் பாக்ஸோடு ஓடிவந்து படகில் குதித்து அவன் விரலைக் குத்தினார். சாயம் போட்டு, இந்தத் தடவை மூடிவைத்துக் காயவிட்டு, ஐஸ் பெட்டிமேல் வைத்துப் பார்த்தார்.

"மாமு, எறங்கு. பூச்சி கீது."

"போன வாட்டியும் அப்டித்தான சொன்ன, அண்ணாத்த" என்றான் ரவி. படகே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. படகைக் கட்டியிருந்த கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரில இல்லன்னு சொல்லட்டும். இந்த டப்பாவ நானே கடல்ல வீசிடறேன்."

அவர் எழுந்தால்தான் படகு கிளம்பும். பேஜார் தாங்காமல் ரவி இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் மலேரியாதான் என்றார்கள். இந்த நிலைமையில் கடலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அண்ணன் இந்நேரம் வராந்தாவில் குத்தாட்டம் போடுவார் என்று நினைத்து வெளியே வந்தேன். சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, நீதான் ஜெயிச்சிட்டியே" என்றேன்.

"போடா. வர்ற வழியெல்லாம், சாம்பலாவே இருக்கட்டும்னு வேண்டிகினு வந்தேன்."

ரவிக்கு நான் ஒருவன்தான் அண்ணன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.